மாயை ஏற்றிய விளக்கு

ஒளியென்பது மனிதன் தன் முயற்சியால் உண்டாக்கிக்கொள்ளும் பொருளா, அல்லது அவன் செய்யத்தக்கதெல்லாம் அது வந்து சேரும் வேளையிற் கண் திறந்திருப்பது மட்டுந்தானா என்னும் வினா, சைவசித்தாந்த நூல்களைப் பாடங்கேட்கும் திண்ணைகளிலும் மடங்களிலும் பல நூற்றாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்ததொன்றே. எனினும் அதே வினா இக்காலத்தில், தோளிலே ஒரு சிறு கமராவும் பையிலே இரண்டு நாட் சாப்பாட்டுக்குப் போதிய பணமுமாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்கும் இளைஞர்களிடையே, முற்றிலும் வேறொரு பாஷையில் எழுந்துகொண்டிருப்பதை நம்மிற் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் குறும்படம் எடுப்பவர்கள். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறக் காத்திருக்கையில், இந்தக் காட்சிக்கு லைற் போடுவதா, உள்ள வெளிச்சத்திலேயே எடுத்துவிடுவதா என்று அவர்கள் ஒருவரோடொருவர் பொருதுவதைக் கேட்பவர், அது காசுக் கணக்கென்று எண்ணி அப்பாற் சென்றுவிடக்கூடும். காசுக் கணக்கும் அதில் உண்டுதான். ஆனால் காசு இல்லாத இடத்திலேதான் ஒரு கருவி எதற்காக இருக்கிறது என்ற கேள்வி தவிர்க்கவியலாததாகிறது. காசுள்ளவனுக்கு அக்கேள்வியைக் கேட்க அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை.

தீவகத்தின் வெளிச்சத்தை அறியாதவர்க்கு இவ்வாதத்தின் கூர்மை விளங்காது. ஊர்காவற்றுறை தொடங்கி நெடுந்தீவு ஈறாக, சூரியனை மறைத்துக் கொஞ்சம் தாமதப்படுத்த ஒரு குன்றுகூட இல்லை. சூரியன் கடலிலிருந்து எழுந்து கடலிலேயே விழுகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரைப் பாகையளவிற் கிடக்கும் இத்தீவுகளில், சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாள்களிலும் ஓகஸ்ட் மாதக் கடைக்கூற்றிலும் நடுப்பகற் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்க, மனிதருடைய கண்குழிகள் இரண்டும் நிழற் பள்ளங்களாகி, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து, எத்துணை சாந்தமான முகமும் மண்டையோட்டின் சாயலை அடைந்துவிடுகிறது. போதாததற்கு, நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும் வெண்மணல் முற்றங்களும் அவ்வொளியைத் திருப்பியடித்துக் கண்ணைக் கூசச் செய்கின்றன. மாலையிலே ஒளி இனிமையாகிறதென்பது உண்மை. ஆயினும் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் இவ்வட்சரேகையில், அது மறைந்த பின் படமெடுக்கத்தக்க அந்திவெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூட நிற்குமேயன்றி, வட ஐரோப்பாவின் கோடைகாலத்துப்போல மணிக்கணக்காக நீளாது. அந்த இருபது நிமிடங்களுக்காகத் தங்கினால் கடைசிப் படகு போய்விடும். விளக்குகளை யாழ்ப்பாண நகரத்தில் வாடகைக்கு எடுத்துவரலாமென்றால், அவற்றைப் பண்ணைப் பாலமும் வேலணையும் புங்குடுதீவும் கடந்து படகிலேற்றி, நெடுந்தீவுக்கானால் கடலில் மேலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீர் தெறிக்காமற் கொண்டு செல்லவேண்டும். தீவுகளின் மின்சாரம் நெடுங்காலம் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சிலேதான் உடன்படிக்கை கைச்சாத்தானது. சொந்தமாக ஜெனரேற்றர் வைத்துக்கொள்வோர் சொல்லும் சங்கடமோ வேறு: தூர வைத்தால் வயர் காணாது, கிட்ட வைத்தால் வசனம் கேளாது.

இவ்வறுமை புதிதன்று. ஈழத்துத் தமிழ்ச் சினிமா பிறந்த நாள்முதல் தரித்திரத்தோடே வளர்ந்தது. 1972இல் வெளிவந்த ‘குத்துவிளக்கு’, தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாண மண்ணில் எடுத்து 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’, நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறேம்நாத் மொறாயஸ் 1978இல் ஆக்கிய ‘வாடைக்காற்று’ ஆகியவையெல்லாம், கோடம்பாக்கம் ஒரு பாடலுக்குச் செலவிடும் தொகையைக் கனவிலும் காணாதவை. பின்பு வந்த யுத்த காலத்திலோ, 1990க்குப் பின் பல்லாண்டுகள் மின்சாரமேயின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய் தட்டுப்பாடானபோது ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெயும் ஒரு பஞ்சுத் திரியுமிட்டு எரித்த விளக்கின் கீழிருந்து ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. ஒரு விளக்கு எவ்வளவு தூரம் காட்டும், எவ்விடத்தில் அது கைவிட்டுவிடும் என்பதை அத்தலைமுறை புத்தகத்தில் அறிந்துகொள்ளவில்லை. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், அதாவது விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் அது நான்கு மடங்கு பிரகாசிக்கும் என்னும் பௌதிக விதியை, தன் பாடப்புத்தகத்தைப் போத்தலுக்கு அணித்தாக நகர்த்திய ஒவ்வொரு பிள்ளையும் அநுபவத்தால் கண்டது. இன்றைக்குக் குறைந்த செலவில் ஒளியமைப்போர் முதலிற் கற்கும் பாடமும் இதுவே: பெரிய விளக்கு வாங்க வழியில்லையேல் சிறிய விளக்கை முகத்துக்கு அருகே கொண்டு வா. (அருளுக்கு இவ்விதி செல்லாதென்று சித்தாந்திகள் சொல்வார்கள், அவர்களோடு இவ்விடத்தில் வாதிட வேண்டியதில்லை.)

இயற்கை ஒளியைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலுமகேந்திராவைத் தொடாமற் செல்ல முடியாது. கித்துல்கலையிலே டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ படமெடுத்தபோது அதைக் காணச் சென்ற அவர், மழை என்று ஒரு மனிதன் கட்டளையிட மழை பெய்யக் கண்டு, அம்மனிதனாகவே தாமும் ஆகவேண்டுமென்று அன்றே சங்கற்பஞ் செய்துகொண்டதாகப் பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கிறார். கட்டளையிட்டு மழையை வருவித்தவனைக் கண்டு மயங்கிய அந்தப் பிள்ளை, பூனாவிற் படித்துத் தேறி ஒளிப்பதிவாளரானபின், எந்த ஒளிக்கும் கட்டளையிடாமல், சாளரத்தின் வழியே வந்ததைச் சாளரத்தின் வழியே வந்ததாகவே காட்டும் விரதத்தை மேற்கொண்டதுதான் விந்தை. அவருடைய ‘வீடு’ம் ‘சந்தியா ராக’மும் பார்த்தவர்க்கு இது நன்கு தெரியும். அவரைப் பின்பற்றுவோரிற் சிலர், குருவைக் காட்டிலும் தீவிரமாகி, செயற்கை ஒளி அனைத்தும் பொய், சூரியன் ஒன்றே சத்தியம் என்னும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கைக்காசு இல்லாமையும் இக்கொள்கைக்குப் பெருந்துணை செய்கிறது என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

ஆயினும் இக்கொள்கையை அப்படியே ஏற்றுக்கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. சத்தியஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் உருவானபோது நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். காசி நகரத்து வீட்டின் நடுமுற்றத்தைக் கல்கத்தாவின் படப்பிடிப்புத் தளத்தில் அமைத்தார்கள். காசியின் அத்தகைய முற்றங்களில் வெயில் நேரே இறங்குவதில்லை. மேலே தெரியும் ஆகாயத் துண்டிலிருந்து நிழலற்ற மெல்லொளி மாத்திரம் வழிந்து வரும். தளத்து விளக்குகளை நேரே பாய்ச்சினால் அந்த ஒளி வராதென்று கண்ட ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விதானம்போற் கட்டி, விளக்குகளை அத்துணியின்மீது பாய்ச்சி, அதிலிருந்து திரும்பிவரும் ஒளியைக்கொண்டே காட்சிகளை எடுத்தார். முதற் படமாகிய ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்குமுன் திரைப்படக் கமராவை இயக்கியே அறியாத இருபத்தொரு வயது இளைஞர் அவர். அத்துணியும் விளக்கும் செயற்கையே. எனினும் அவை காட்டியது ஆகாயத்தை. இது பொய்யா?

பொய்யென்று சொல்பவர் கேவலாத்துவைத வேதாந்தியின் பக்கம் நிற்கிறார். மாயையை உள்ளதென்றும் இல்லதென்றும் சொல்லவொண்ணாத வெறுந்தோற்றமென ஒதுக்குவது அத்தரிசனம். சைவசித்தாந்தமோ இவ்விடத்தில் வேறு வழியிற் செல்கிறது. மாயை சடந்தான், ஆயினும் உள்பொருள், உடம்பும் கரணங்களும் உலகமும் அதிலிருந்தே வருகின்றன, அவை உயிரை மயக்குவதற்கென்று மட்டும் தரப்பட்டவையல்ல, அறிவை மறைக்கும் ஆணவமலத்தின் அடரிருளிற் கிடக்கும் உயிருக்குச் சிறிதளவேனும் காட்சி உண்டாகும்பொருட்டுத் தரப்பட்டவை. சூரியோதயமாகும் மட்டும் இரவிலே கைவிளக்கு எவ்வாறு உதவுமோ, அவ்வாறே ஞானம் உதிக்கும் மட்டும் மாயை உதவுமென்று சித்தாந்த நூல்கள் உவமை கூறும். விடிந்தபின் விளக்கைத் தேடுவாரில்லை. அதற்காக, இரவில் அதை ஏற்றினவனைப் பொய்யனென்று எவரும் சொல்லவுமில்லை. மித்ராவின் வெள்ளைத்துணி இந்தப் பொருளில் மாயையே. நெடுந்தீவில் ஒரு பையன் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் வெள்ளை ரெஜிபோம் பலகையும் அதுவே.

அந்த ரெஜிபோம் பலகையை நான் ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியோ தொலைக்காட்சியோ வந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது. ஒரு மூலை உடைந்திருந்தது. மகனிடமிருந்து சேதி வருமென்று காத்திருக்கும் கிழவியாக நடிக்க ஊரிலேயே ஓர் ஆச்சியைப் பிடித்திருந்தார்கள். முதலில் அவரை முருகைக்கல் வேலிக்கு முன்னால் நிறுத்தினார்கள். உச்சி வெயில். கமராவுக்குள்ளிருக்கும் ஒளிமானி எதிரே உள்ளதையெல்லாம் சராசரியாக்கி, அச்சராசரியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொள்ளும் இயல்புடையது. பின்னாலிருந்த கல்லின் வெண்மையைக் கண்டு அது பயந்து ஒளியைக் குறைக்க, ஆச்சியின் கரிய முகம் திரையில் ஒரு கறுப்புத் திட்டாகியது. கருவிக்கு யார் கிழவி, எது வேலி என்ற விவேகம் இல்லை. ஆகவே அவரை விறாந்தைக்குள் கூட்டிவந்து, முற்றத்து மணலிலிருந்து எழும் வெளிச்சம் முகத்திற் படும்படி திண்ணையோரம் இருத்தி, ரெஜிபோமை நெஞ்சுயரத்திற் சாய்த்துப் பிடித்தார்கள்.

“ஆச்சி, கொஞ்சம் இஞ்சால திரும்புங்கோ.”

“ஏன் மோனை, என்ர முகத்தை வெள்ளையாக்கப் போறியோ?”

“இல்லை ஆச்சி. உங்கட கண் தெரியவேணும், அவ்வளவுதான்.”

ஒளியமைப்பைப் பற்றி நான் வாசித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமான இலக்கணம் எங்குமில்லை. அதற்குப் பின் அப்பையன் செய்த காரியம் இன்னும் ஆழமானது. ரெஜிபோமின் வெளிச்சம் முகத்தின் இரு பக்கமும் பரவி அதைத் தட்டையாக்கிவிட்டதென்று கண்டு, தோழன் ஒருவனுடைய கருநீலச் சாரத்தை வாங்கி, கமராவுக்குத் தெரியாதபடி மறுபக்கத்தில் தொங்கவிட்டான். உடனே அந்தப் பக்கத்துக் கன்னம் நிழலுக்குள் இறங்கியது. முகத்துக்கு ஒரு வடிவமும் வயதும் வந்தன. வெளிச்சம் சேர்க்கப் பணம் வேண்டும், இருட்டுச் சேர்க்க ஒரு சாரம் போதும்.

இருளைச் சேர்ப்பதா என்று வாசகர் திகைக்கலாம். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் இருளைக் குறித்துச் செய்த நுட்பமான வேறுபாடு ஒன்று இவ்விடத்தில் உதவுகிறது. புறத்திருள் மற்றைப் பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. இருட்டாக இருக்கிறது என்பதையாவது அது நமக்குக் காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தான் மறைத்துக்கொண்டிருப்பதையும் காட்டாது. அதனாலேயே அது புறத்திருளினும் கொடிது. இவ்வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நமது மண்டபங்களில் எடுக்கப்படும் கலியாண வீடியோக்களையும், திருவிழா இரவுகளில் எல்.ஈ.டி. விளக்குகளை வரிசையாக நிறுத்தி எடுக்கப்படும் ஒளிப்பதிவுகளையும் நோக்கினால், அவற்றின் குற்றம் எதுவென்று புலப்படும். அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. மணமகளின் முகமும் சுவரும் பின்னாலிருக்கும் பிளாஸ்ரிக் கதிரையும் ஒரே அளவாகப் பிரகாசிக்கின்றன. ஆயினும் ஒன்றும் காணப்படவில்லை, காணப்படவில்லை என்பதும் தெரியவில்லை. மிகையான ஒளி, ஆணவத்தின் குணத்தைப் பெற்றுவிட்ட ஒளி. இதைச் சொல்லும்போது அவ்வீடியோக்காரரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. காசு கொடுத்தவர் ஒவ்வொரு முகமும் தெரியவேண்டுமென்று கேட்கிறார், வீடியோக்காரர் கொடுக்கிறார்.

நமது கோயில்களிலே இதைவிடத் தேர்ந்த ஒளியமைப்பு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. நயினை நாகபூஷணி அம்மன் சந்நிதியில், ஆனித் திருவிழாவின் நெரிசலுக்கிடையே தீபாராதனையைத் தரிசித்தவர் எண்ணிப் பார்க்கட்டும். கருவறை இருண்டது, சாளரம் இல்லை. குருக்கள் அடுக்குத் தீபத்தை ஏந்தி மெல்லச் சுற்றுகையில், ஒளி ஓரிடத்தில் நில்லாமல் பாதத்திலிருந்து திருமுகத்துக்கும் திருமுகத்திலிருந்து மாலைக்கும் சஞ்சரித்து, ஒருகணம் காட்டியதை மறுகணம் இருளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒருங்கே எவரும் கண்டதில்லை. கண்ட துண்டுகளைக் கோத்து முழுமையாக்கும் வேலை பக்தனுடைய உள்ளத்துக்கு விடப்பட்டிருக்கிறது. பின்பு கற்பூரம் காட்டும்போது அதன் செம்பொன் நிறம் கல்லின்மேற் படிகிறது. இதையே வெண்மையைத் தானாகத் தீர்மானிக்கும் நிலையில் வைத்த கமராவால் எடுத்தால், அது அந்தப் பொன்னை ஒரு பிழையென்று கருதி நீலத்தைக் கலந்து திருத்திவிடும். ஆகையால் இதனை அறிந்த இளைஞர்கள் கமராவுக்குப் பகல் வெளிச்சமே வெண்மையென்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, விளக்கை விளக்காகவே சிவக்க விடுகிறார்கள். சார்ந்ததன் வண்ணமாகும் பளிங்கென்று உயிரைச் சொல்வது சித்தாந்த மரபு. கமராவும் அவ்வகைப் பளிங்கே, ஆனால் சாரவேண்டியதை எவரேனும் அதற்குச் சொல்லவேண்டும்.

அம்மன் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று ஒரு சாரார் கொள்வர். அறிஞரிடையே அது தீராத வழக்கு. அக்காப்பியத்தில் மணிபல்லவத்துப் புத்த பீடிகை, தன்னைத் தொழுத மணிமேகலைக்கு அவளது பழம்பிறப்பை உணர்த்துகிறது. விளக்கும் ஜெனரேற்றரும் கேளாமற் படம் காட்டிய கருவி உலகில் அது ஒன்றுதான் போலும்!

தொடக்கத்தில் எழுப்பிய காத்திருத்தல் என்னும் வினாவுக்கு மறுபடி வருகிறேன். மலம் பக்குவமாகி, நல்வினை தீவினை இரண்டினிடத்தும் மனம் ஒப்ப நின்றபின்னரே அருள் பதியுமென்பது சித்தாந்தத்தின் துணிபு. உயிர் அதை அவசரப்படுத்த முடியாது, ஆனால் சும்மா கிடக்கவும் கூடாது. அந்திக் காட்சி எடுப்பவனுடைய நிலையும் இதற்கு வெகு தூரமன்று. அவன் மூன்று மணிக்கே நடிகரை இடத்தில் நிறுத்தி, நடையைப் பழக்கி, கமராவின் குவியத்தைச் சரிபார்த்து, ரெஜிபோமைப் பிடிப்பவனுக்குக் குறிப்புச் சொல்லி, யாவையும் முடித்துவிட்டு அமர்ந்திருப்பான். வெளிச்சம் வரும்போது செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்கலாகாது. ஆனாலும் இந்த உவமையை அளவுக்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை. வறுமை தானாகவே புனிதமாகிவிடாது. லைற் இல்லாமையால் கெட்டுப்போன படங்கள், லைற்றாற் கெட்டுப்போனவற்றினும் நிச்சயமாகக் கூடுதல். முகமே தெரியாமல் எடுத்துவிட்டு, அதை யதார்த்தம் என்று பெயரிட்டு விழாக்களுக்கு அனுப்புவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய ரெஜிபோம் பலகையே போதிய பதில்.

எந்த விளக்கும் ஏற்றக்கூடாத இடம் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் கூடி நினைவுகூர்கிறார்கள். அதை ஆவணப்படமாக்க வருகிறவர் கையிலும் கமராவும் ரெஜிபோமும் இருக்கும். அழுகிற ஒருவரின் முகத்துக்கு நேரே வெள்ளைப் பலகையைச் சாய்த்துப் பிடிப்பதற்கும், ஆச்சியின் கண் தெரியப் பிடித்ததற்கும் கருவியளவில் யாதொரு பேதமும் இல்லை. ஆச்சி நடிக்க ஒப்புக்கொண்டு வந்தவர், இவர்கள் படத்துக்காக வந்தவர்களல்லர் என்பதே பேதம். மாயையை உதவியென்று ஏற்றுக்கொண்ட சித்தாந்தமும், எவருக்கு உதவி என்ற கேள்வியை நம்மிடமே விட்டிருக்கிறது. பின்னால் நின்று, உள்ள வெளிச்சத்தில், வந்ததை எடுத்துக்கொண்டு போவதே அங்கே தகும். முகம் கறுத்தால் கறுக்கட்டும்.

நெடுந்தீவிற் கண்ட அந்த இளைஞர்களோ இரவுக் காட்சி ஒன்றையும் எடுத்தார்கள். ஆச்சிக்கு முன்னால் ஓர் அரிக்கன் லாம்பு. அதன் வெளிச்சம் கமராவுக்குக் காணாமற்போகவே, மண்பானையின் பின்னே சிறிய எல்.ஈ.டி. ஒன்றை மஞ்சள் கண்ணாடித் தாள் சுற்றி ஒளித்து வைத்தார்கள். லாம்பு ஆடும்போது மஞ்சள் வெளிச்சமும் ஆடவேண்டுமென்பதற்காக ஒருவன் அதன் முன்னே விரல்களை அசைத்துக்கொண்டிருந்தான். அப்படியும் போதாமல் கமராவின் உணர்திறனைக் கூட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக் கணினியிற் பார்த்தபோது இருளெங்கும் மணி மணியாகப் புள்ளிகள் மொய்த்திருந்தன. அவற்றை மென்பொருளால் துடைத்துவிடவேண்டுமென்றான் ஒருவன். இருட்டு இருட்டாகத் தெரியட்டும், விடு என்றான் மற்றவன். துடைத்துப் பார்த்தார்கள். புள்ளிகளோடு ஆச்சியின் முகத்துச் சுருக்கங்களும் மழுங்கிப்போயின. கடைசியிற் சுவரிலிருந்தவற்றை மட்டும் துடைத்துவிட்டு, முகத்திலிருந்தவற்றை அப்படியே விட்டார்கள்.